வெல்லம் ஏன் வெளுத்தது?

பொங்கல் நெருங்கும்போது மளிகைக் கடையில் வெல்லம் கேட்டுப் பாருங்கள். மஞ்சளாக, பளபளவென்று இருப்பதைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். கறுப்பு வெல்லம் கேட்டால், "அது கஷாயத்துக்குத்தானே வாங்குவாங்க?" என்று ஒரு பார்வை கிடைக்கும்.

அதனால் இந்த வாரம் நாக்குக்கு வேலை. மஞ்சள் அச்சு வெல்லம், அடர் பழுப்பு உருண்டை வெல்லம், நாட்டுச் சர்க்கரை, ஒரு துண்டு கருப்பட்டி என நான்கையும் தட்டில் வைத்துக்கொண்டோம். ரம் ருசி பார்ப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பீப்பாயில் பல வருடம் கிடந்த சரக்கை முதலில் தண்ணீர் கலக்காமல் ஒரு மிடறு, பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டு இன்னொரு மிடறு. ரம்மும் கரும்பின் பிள்ளைதான். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து வருவது. குடும்பப் பத்திரிகையில் அந்தப் பங்காளி நமக்கு வேண்டாம். முறையை மட்டும் கடன் வாங்கிக்கொள்வோம்: முதலில் வெறும் துண்டு, பிறகு வெந்நீரில் கரைத்து.

மஞ்சள் அச்சு இனித்தது. அவ்வளவுதான், சீனி மாதிரி வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. பழுப்பு உருண்டையில் முதலில் கரும்புச் சாற்றின் வாசம், பின்னால் லேசான உப்பு, கடைசியில் அடிப்பாகின் இளங்கசப்பு. வெந்நீரில் கரைத்ததும் வாசம் இன்னும் தூக்கலாக வந்தது. நாட்டுச் சர்க்கரையில் வறுத்த மணம் அதிகம், காரணம் பாகை இன்னும் கொஞ்சம் முற்றவிட்டு இறக்குகிறார்கள். கவுந்தப்பாடியிலிருந்து பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போவது இந்த வகைதான். கருப்பட்டி பனையின் குடும்பம்; அதைக் கரும்போடு போட்டிக்கு நிறுத்துவதே அநியாயம்.

நம் பக்கத்து வெல்லத்துக்குப் பெரிய சந்தை, பரமத்திவேலூர் வட்டத்துப் பிலிக்கல்பாளையம். ஜேடர்பாளையம், சோழசிராமணி, கபிலர்மலைப் பக்கத்துக் கொட்டகைகளிலிருந்து 30 கிலோ சிப்பமாகக் கட்டி ஏலத்துக்கு வருகிறது. சேலத்துக்காரர்களுக்குச் செவ்வாப்பேட்டை மண்டி. ஏலத்தில் வியாபாரி சிப்பத்தைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கொப்பரையில் சாறு கொதிக்கும்போது சுண்ணாம்பு சேர்த்து, மேலே பொங்கும் அழுக்கை வழித்து எடுப்பார்கள். வெண்டைச் செடியின் தண்டை இடித்து அதன் கொழகொழப்பை விட்டு அழுக்கு எடுப்பது பழைய முறை. இப்படிக் காய்ச்சினால் வெல்லம் பழுப்பாகத்தான் வரும். சூட்டில் சர்க்கரை நிறம் மாறும்; சாற்றில் உள்ள மற்ற சத்துகளும் கறுக்கும். 100 கிலோ கரும்புக்கு சுமார் 10 கிலோ வெல்லம் தேறும். இத்தனை பாடுபட்டுக் கொண்டுபோனால் நிறத்தைச் சொல்லி விலையைக் குறைக்கிறார்கள். பக்கத்துக் கொட்டகைக்காரர் 'ஹைட்ரோஸ்' போட்டு வெளுக்க வைத்து நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போகிறார். ஹைட்ரோஸ் என்பது சாயப்பட்டறையில் புழங்கும் சோடியம் ஹைட்ரோசல்பைட். வெல்லத்தைவிடச் சீனி மலிவாக இருக்கும் காலத்தில் மூட்டை மூட்டையாகச் சீனியும் கொப்பரைக்குள் போகும். உணவுப் பாதுகாப்புத் துறையினர் இந்த வட்டாரத்தில் பலமுறை சோதனை போட்டு, கலப்பட வெல்லத்தைப் பறிமுதல் செய்திருக்கிறார்கள். வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு 70 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் கொட்டகைக்காரரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? மஞ்சளைக் கேட்டு வாங்கியவர்கள் நாம்தானே. நேர்மையாகக் காய்ச்சுகிறவருக்கு நஷ்டம் வருவது நம் கண்ணால்தான்.

வீட்டிலேயே கண்டுபிடிக்கலாமா? ஓரளவுக்கு. கரைத்த வெல்லத்தை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி வையுங்கள். வெள்ளைத் தூளாக நிறைய அடியில் தங்கினால் சந்தேகப்படலாம். கரும்புச் சக்கை, கொஞ்சம் மண் தங்கினால் பயம் இல்லை, வடிகட்டினால் போதும். ஹைட்ரோஸ் போட்ட வெல்லத்தின் மஞ்சள் நிலைக்காது; நாளாக ஆகக் கறுத்துவிடும். சீனி கலந்ததை மட்டும் வீட்டில் உறுதியாகச் சொல்ல வழியில்லை. வெல்லத்தில் பெரும்பகுதி அதே சர்க்கரைதானே. அங்கே நாக்கை நம்புங்கள்: இனிப்பு மட்டும் இருந்து, உப்பும் கசப்பும் வாசமும் கொஞ்சமும் இல்லாவிட்டால் அடுத்த முறை வேறு கடை.

ஒரே எச்சரிக்கை: கறுப்பாக இருப்பதெல்லாம் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். அடிப்பிடித்த வெல்லமும் கறுப்புதான். ரொம்பக் கரித்தால் அது உப்புத் தண்ணீர் பாய்ந்த கரும்பாக இருக்கலாம். அந்த வெல்லம் சீக்கிரம் இளகும்.

ரம்மைப் போல வெல்லத்துக்கும் வயது உண்டா? புது வெல்லத்தைவிட ஒரு வருடம் ஆன வெல்லம் உடம்புக்கு நல்லது என்கிறது ஆயுர்வேதம். ஆனால் மழைக்காலத்து ஈரத்தில் வெல்லம் கசிந்து, பூசணம் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில், ஈரக்கை படாமல் வைக்க முடிந்தால் முயன்று பாருங்கள். எங்கள் தட்டிலிருந்த பழுப்பு உருண்டையில் பாதி அதற்கென்று எடுத்து வைத்தோம்; மீதி அன்று மாலையே பணியாரத்துக்குப் போய்விட்டது.