கல்லோடனில் மோதியவர்கள் யார்?

ஸ்காட்லாந்து தனி நாடாகப் பிரிவதா வேண்டாமா என்று 2014 செப்டம்பர் 18-ந் தேதி அந்நாட்டு மக்கள் வாக்களித்தார்கள். வேண்டாம் என்றவர்கள் 100-க்கு 55 பேர். வேண்டும் என்றவர்கள் 45 பேர். பிரச்னை அத்துடன் ஓயவில்லை. பிரிட்டிஷ் பார்லிமெண்டின் சம்மதமின்றி மறு வாக்கெடுப்புக்கு ஸ்காட்லாந்து பார்லிமெண்டு சட்டம் செய்ய முடியாது என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதன் பிறகும் விவாதம் நடக்கிறது.

இந்த விவாதத்தில் 1746-ம் வருஷத்துக் கல்லோடன் யுத்தத்தைப் பலர் இழுக்கிறார்கள். அங்கே இங்கிலாந்து ஸ்காட்லாந்தை முறியடித்தது. அந்தப் பழைய புண்தான் இன்னும் ஆறவில்லை என்கிறார்கள். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை.

சிம்மாசனத் தகராறு

ஜாகோபைட்டுகள் என்போர் யார்? 1688-ல் பட்டம் இழந்த இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் வம்சமே ஆளவேண்டும் என்று போராடியவர்கள். ஜேம்ஸ் என்ற பெயர் லத்தீனில் ஜாகோபஸ். கட்சியின் பெயர் அதிலிருந்து வந்தது. ஜேம்ஸின் பேரன் சார்லஸ் எட்வர்ட், ரோமாபுரியில் பிறந்தவர். 1745-ல் ஸ்காட்லாந்தில் வந்து இறங்கினார். தம் தந்தைக்கு அவர் கேட்டது ஸ்காட்லாந்தின் முடி மட்டுமல்ல. இங்கிலாந்து, அயர்லாந்து முடிகளையும் சேர்த்துத்தான். எடின்பரோவைப் பிடித்ததோடு நில்லாமல் லண்டனை நோக்கி டெர்பி வரை அவர் படை நடத்தியது அதனால்தான்.

கல்லோடனில் அவரை எதிர்த்த சர்க்கார் படையிலும் ஸ்காட்லாந்து ரெஜிமெண்டுகள் இருந்தன. காம்ப்பெல் குலத்தார் சர்க்கார் பக்கம் நின்றார்கள். கிளாஸ்கோ நகரம் இளவரசரை வரவேற்கவில்லை. அவருடைய படையிலோ பிரெஞ்சு சேவையிலிருந்த ஐரிஷ்காரர்களும் இருந்தார்கள். கத்தோலிக்கர்கள் மட்டுமே திரண்டார்கள் என்பதும் தவறு. இளவரசர் கத்தோலிக்கர், ஆனால் அவருக்காகப் போரிட்டவர்களில் புராட்டஸ்டண்டுகள் பலர்.

குறை இல்லாமல் இல்லை

அப்படியானால் ஸ்காட்லாந்துக்கு மனக்குறையே இல்லையா? இருந்தது. 1707-ம் வருஷ இணைப்பினால் அதன் பார்லிமெண்டு மறைந்தது. அந்த இணைப்பை ஒழிப்பதாக இளவரசர் வாக்களித்ததை நம்பிச் சேர்ந்தவர்கள் உண்டு. தோல்விக்குப் பின் மலைநாட்டார் பட்ட கொடுமைகளும் உண்மையே. அவர்களுடைய உடைக்குக்கூடத் தடை வந்தது. அது 1782-ல்தான் நீங்கியது.

இன்று ஸ்காட்லாந்து முழுவதற்கும் சின்னமாகக் கருதப்படும் கில்ட், அன்று மலைநாட்டாரின் உடை. 1822-ல் எடின்பரோவுக்கு வந்த நாலாம் ஜார்ஜ் மன்னர் அதை அணிந்து காட்சியளித்தார். அவர் யார்? கல்லோடனில் வென்ற கம்பர்லண்டு பிரபுவின் அண்ணன் பேரன்!

2014-ல் பிரிவினை கோரிய ஸ்காட்லாந்து சர்க்காரின் திட்டத்தில், எலிசபெத் ராணியே அரசியாக நீடிப்பார் என்று இருந்தது. ஜாகோபைட்டுகள் மன்னரை மாற்றப் போராடினார்கள்; இவர்கள் மகுடத்தை வைத்துக்கொண்டு பார்லிமெண்டிலிருந்து விலகக் கேட்டார்கள். இரண்டும் வேறு வேறு வழக்குகள்.

பிரிவது நல்லதா கெட்டதா என்பதை வரி, வேலை, ஐரோப்பிய உறவு ஆகியவற்றை எடைபோட்டு அந்நாட்டு வாக்காளர்களே தீர்மானிக்க வேண்டும். கல்லோடனில் மாண்டவர்களைச் சாட்சிக்கு அழைப்பதில் பயனில்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் அங்கே இரு பக்கத்திலும் நின்றார்கள்.