அடுப்பை எரிய வைத்த வாத்தியம்

ஓசூரில் ஆலைகள் ஓடுகின்றன. அதனால் பல ஆயிரம் வீடுகளில் அடுப்பு எரிகிறது. வாத்தியத்தாலும் அடுப்பு எரியுமா? எரியும். அதற்கு ஒரு சென்னைக் குடும்பம் சாட்சி.

ஆர்.கே.சேகர் மலையாளப் படங்களுக்கு இசை அமைத்தவர். 1976-ல் காலமானார். அப்போது அவருடைய மகன் திலீப்குமாருக்கு வயது ஒன்பது. தகப்பனார் வைத்துவிட்டுப் போன வாத்தியங்கள்தான் வீட்டின் சொத்து.

விற்றிருந்தால் கொஞ்ச காலம் சாப்பிட்டிருக்கலாம். தாயார் விற்கவில்லை. வாடகைக்கு விட்டார். குடும்பம் பிழைத்தது.

அந்த வாத்தியங்களில் ஒன்று கீபோர்டு. பார்ப்பதற்கு ஆர்மோனியம் போல இருக்கும். துருத்தி கிடையாது. மின்சாரத்தால் ஒலிக்கும். குழல், வீணை, மேளம் என்று பல ஓசைகளை அதில் எழுப்பலாம். சிறுவன் அதை வாசித்தே சம்பாதித்தான். இளையராஜாவின் இசைக்குழுவிலும் வாசித்தான். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது.

அந்தச் சிறுவன்தான் ஏ.ஆர்.ரகுமான்! 1992-ல் ‘ரோஜா’ வந்தது. 2009-ல் இரண்டு ஆஸ்கார் விருதுகள் வந்தன.

“ரகுமானே பள்ளியை விட்டவர்தானே! நானும் விட்டால் என்ன?” என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. இது தவறு. அவர் ஆசைப்பட்டுப் பள்ளியை விடவில்லை. வறுமை விடச் செய்தது. பள்ளி நின்ற பிறகும் அவர் கற்பதை நிறுத்தவில்லை.

அமெரிக்காவைப் பாருங்கள். ‘ஃபங்க்’ என்பது அங்கே கறுப்பின மக்கள் வளர்த்த ஆட்ட இசை. அதில் கீபோர்டுக்குப் புகழ் தேடித் தந்தவர் பெர்னி வொரெல் (1944–2016). 1978-ல் புகழ்பெற்ற ‘ஃப்ளாஷ் லைட்’ பாட்டில், கிதார் வாசிக்கும் கீழ்ச்சுரங்களை அவர் மின்கருவியிலேயே வாசித்தார். பின்னால் வந்த பலர் அந்த வழியில் நடந்தார்கள். அவரோ சிறு வயதிலேயே பியானோ பயின்று, பாஸ்டன் இசைக் கல்லூரியில் படித்தவர். புதுமை செய்தவருக்கும் பாடம் தேவைப்பட்டது!

ஓசூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. மூன்று பாட்டும் பிள்ளைகளின் காதில் விழுகின்றன. ஆனால் பயில இடம் எங்கே? இரவு ஷிப்ட் முடிந்து வந்த தகப்பனாருக்குத் தூக்கம் வேண்டும். ஒற்றை அறை வீட்டில் பிள்ளை எப்படி வாசிக்கும்?

கிருஷ்ணகிரியில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. ஓசூரிலிருந்து அது ஏறக்குறைய 50 கிலோமீட்டர். வேலைக்குப் போகும் பெற்றோர் தினமும் அழைத்துப் போக முடியுமா?

ஆகவே பள்ளிக்கூடத்தில் மாலையில் ஓர் அறையைத் திறந்து விடுங்கள். ஒரு கீபோர்டு, ஓர் ஆசிரியர், ஒரு மணி நேரம் போதும். செலவை ஆலைகள் பகிர்ந்து கொள்ளலாம். தொழிலாளியின் பிள்ளைக்குச் செய்வது தொழிலுக்கே செய்வதாகும்.

பிள்ளை படிக்கட்டும்; வாசிக்கவும் வாசிக்கட்டும். ஒன்றுக்காக இன்னொன்றை விடும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரவேண்டாம்.