முகத்துக்கு ஊசி: வலியை விட ஆபத்து, வலி தெரியாமல் தடவும் கிரீம்!

புதுச்சேரி:

கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருக்கும். கன்னம் ஒட்டிப்போச்சு, உதடு மெலிசா இருக்கு என்று பெண்ணுக்கு கவலை. செல்போனை திறந்தால் ‘ஒரே ஊசியில் பளபள முகம், வலியே கிடையாது’ என்று விளம்பரம் வந்து விழுகிறது. சினிமா நடிகைகள் மட்டும் போட்டு வந்த இந்த ஊசி, இப்போது சீட்டுப்பணம் எடுத்தாவது போடலாமா என்று சாதாரண வீட்டுப் பெண்களையும் யோசிக்க வைத்திருக்கிறது.

இதற்கு பெயர் ‘பில்லர்’ ஊசி. வீடு கட்டும் பில்லர் இல்லை. பள்ளமான இடத்தை நிரப்புவதால் இந்த பெயர். பெரும்பாலும் ஹயலூரோனிக் ஆசிட் என்ற ஜெல்லைத்தான் தோலுக்கு அடியில் ஏற்றுகிறார்கள். பல மாதங்கள் தாங்கும், பிறகு தானாக கரைந்து விடும். ஒரு ஊசிக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகிறது.

வலிக்குமா? வலிக்கும். அதிலும் உதட்டில் போட்டால் கண்ணில் தண்ணீர் வந்து விடும். அந்த வலியை எப்படி அடக்குகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பல் பிடுங்கும் அதே மருந்து

கோரிமேட்டுக்காரர்களுக்கு இதை புரிய வைப்பது சுலபம். இங்குள்ள அரசு பல் மருத்துவக்கல்லூரியில் பல் பிடுங்கியவர்களுக்கு ஈறில் போடும் மரத்துப்போகும் ஊசி தெரியும். அந்த ‘லிக்னோகைன்’ மருந்துதான் இதற்கும். மேல் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் கொஞ்சம் போட்டால், மேல் உதட்டில் இருந்து கன்னம் வரை அந்த பக்கம் மரத்து விடும். பல் டாக்டர் செய்வதும் இதுதான், தோல் டாக்டர் செய்வதும் இதுதான்.

இப்போது வரும் பல பில்லர் ஜெல்களில் இந்த மருந்தை 0.3 சதவீதம் கலந்தே விற்கிறார்கள். ஒரு மில்லிக்கு கணக்கு பார்த்தால் வெறும் 3 மில்லிகிராம். முதல் குத்து வலிக்கும், ஜெல் உள்ளே போகப்போக வலி குறையும். ஊசிக்கு முன்பு ஐஸ் வைப்பதும், முனை மழுங்கிய ஊசியை பயன்படுத்துவதும் உண்டு. ஐஸ் கட்டிக்கு காசு கம்மி, அதனால்தானோ என்னவோ விளம்பரத்தில் அதை யாரும் சொல்வதில்லை.

இதுவரை சொன்னதில் பெரிய ஆபத்து இல்லை. வில்லங்கம் ஆரம்பிப்பது கிரீமில்.

2 இளம்பெண்கள் பலி

ஊசிக்கு முன்னால் முகத்தில் தடவி முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஊற வைக்கும் கிரீம் இது. லிக்னோகைன் 2.5 சதவீதம், பிரிலோகைன் 2.5 சதவீதம் கலந்த கிரீமைத்தான் ஆஸ்பத்திரிகளில் வழக்கமாக பயன்படுத்துகிறார்கள். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரம் தடவினால் பயமில்லை. ஆனால் ‘சூப்பர் பவர்’ என்று சொல்லி ஆன்லைனிலும் பச்சை குத்தும் கடைகளிலும் கிடைக்கும் கிரீம்களில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது.

அமெரிக்காவில் 22 வயது, 25 வயது பெண்கள் 2 பேர் காலில் உள்ள முடியை லேசர் மூலம் நீக்க போனார்கள். வலி தெரியாமல் இருக்க வீரியம் மிகுந்த மரப்பு கிரீமை கால் முழுக்க தடவி, மேலே பிளாஸ்டிக் பேப்பரையும் சுற்றிக்கொண்டார்கள். 2 பேருக்கும் வலிப்பு வந்தது. நினைவு திரும்பாமலே இறந்து போனார்கள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து கட்டுப்பாட்டு நிறுவனம் 2007-ல் இதை சொல்லி எச்சரிக்கை விட்டது. அப்படியும் கடைக்காரர்கள் அடங்கவில்லை. அளவுக்கு மேல் லிக்னோகைன் கலந்து விற்றதாக 2024 மார்ச்சில் 6 கம்பெனிகளுக்கு அதே நிறுவனம் மறுபடி எச்சரிக்கை கடிதம் அனுப்பியது.

கணக்கு போட்டு பார்த்தால் காரணம் விளங்கும். பெரியவர் ஒருவருக்கு லிக்னோகைனை மட்டும் ஊசியில் போடும்போது 300 மில்லிகிராமை தாண்டக்கூடாது என்பது பொதுவான வரம்பு. 10 சதவீத கிரீம் 30 கிராம் டியூப்பில் இருப்பதோ 3 ஆயிரம் மில்லிகிராம். அவ்வளவும் ரத்தத்தில் கலக்காது என்பது நிஜம். முகம், காலை விட சின்ன இடம் என்பதும் நிஜம். ஆனால் முகத்தோல் மெல்லிசு. பிளாஸ்டிக் ஒட்டினாலோ, பரு, புண் மேல் தடவினாலோ மருந்து வேகமாக உள்ளே இறங்கும்.

நாக்கும் வாயும் மரத்துப்போகிறது, காதில் இரைச்சல், தலை சுற்றல் என்றால் உடனே கிரீமை துடைத்து எடுக்க வேண்டும். அதற்கு அடுத்து வலிப்பும் இதயத்துடிப்பு கோளாறும் வரலாம். அப்போது ஆக்சிஜனும் அவசர மருந்தும் கையில் இருக்க வேண்டும். பியூட்டி பார்லரில் அதற்கு எங்கே போவது?

வலி ஒரு மணி அடிக்கும்

‘மொத்தமா மரத்துப்போனா நல்லதுதானே’ என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். ஜெல் தவறிப்போய் ரத்தக்குழாய்க்குள் ஏறி அடைத்து விட்டால், அந்த இடத்து தோல் வெளுத்துப்போகும், அல்லது வலை பின்னியது போல் நீலம் பாயும். பலருக்கு கடுமையான வலி வரும். கண்ணுக்கு போகும் குழாய் அடைத்தால் பார்வையே போய்விடும். அந்த வலிதான் எச்சரிக்கை மணி. மரத்துப்போன முகத்தில் அந்த மணி அடிக்காது. அதனால்தான் விவரம் தெரிந்த டாக்டர், மரப்பு மருந்தை அளவோடு போட்டுவிட்டு தோலின் நிறத்தையே பார்த்துக்கொண்டு இருப்பார். அடைப்பு வந்தால் ஜெல்லை கரைக்கும் ‘ஹயலூரோனிடேஸ்’ மருந்தை உடனே போட வேண்டும்.

அந்த கரைக்கும் ஊசிக்கும் வலி உண்டு. 2025 ஜூலையில் மும்பை நடிகை உர்பி ஜாவேத், உதட்டு பில்லரை கரைத்தபோது முகம் வீங்கியதை வீடியோவாகவே போட்டார், ரொம்ப வலிக்கிறது என்றும் சொன்னார். நம்மூர் பக்கம் 2021 ஏப்ரலில் நடிகை ரைசா வில்சன் கண்ணுக்கு கீழே வீங்கிய படத்தை வெளியிட்டு டாக்டர் மீது புகார் சொன்னார். டாக்டர் தரப்பு அதை மறுத்தது. விவகாரம் நோட்டீஸ் வரை போனது.

இவை நட்சத்திரங்கள் கதை. அழகுக்காகவோ, உடம்பு இளைக்கவோ நல்லபடியாக நடந்து போகிறவர்களுக்கும் சிகிச்சை விபரீதமாகலாம் என்பதை புதுச்சேரி பார்த்திருக்கிறது. 2024 ஏப்ரலில் உடல் எடை குறைக்கும் ஆபரேஷனுக்காக சென்னை பம்மலுக்கு போன புதுச்சேரி வாலிபர் உயிரோடு திரும்பவில்லை. அது பில்லர் இல்லை, வேறு சிகிச்சை. ஆனாலும் போகும் இடத்தில் அவசர வசதி இருக்கிறதா என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஊசி போடுபவர் பதிவு பெற்ற டாக்டராக இருக்க வேண்டும். தகுதி இல்லாமல் வைத்தியம் பார்த்தால் 2019-ம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணைய சட்டப்படி ஓராண்டு வரை ஜெயில், 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரு வார பயிற்சி சர்டிபிகேட்டை சுவரில் மாட்டினால் டாக்டர் ஆகிவிட முடியாது. ஏற்கனவே மரப்பு ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனவர்கள், இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டிலேயே கிரீம் தடவிக்கொண்டு போகக்கூடாது.

பில்லர் பெட்டிக்குள் மருந்து பெயர், பேட்ச் நம்பர் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். கேட்டு வாங்கி பர்சில் வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்த பிறகு தோல் வெளுத்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ, கண் மங்கினாலோ காலையில் பார்த்துக்கலாம் என்று படுக்கக்கூடாது. நிமிஷக்கணக்கில் பார்வை போகும். கோரிமேட்டில் ஜிப்மர் அவசர பிரிவு இருக்கிறது. உள்ளே போனது கரையும் ஜெல்லா, கரையாத ஜெல்லா என்று அங்கே முதலில் கேட்பார்கள். அதற்குத்தான் அந்த ஸ்டிக்கர்.