வாசலில் நிற்கும் ஏகபோகம்

புது வீட்டில் குடியேறும் உழைப்பாளிக் குடும்பத்தின் முன் ஒரு வினா நிற்கிறது: தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் எந்த நிறுவனம்? ஆறு மாதச் சந்தாவை முன்கூட்டியே கட்டினால் மோடம் இலவசம், நிறுவும் செலவு இலவசம், ஓடிடி இலவசம் என்று முகவர்கள் அடுக்குகிறார்கள். நுகர்வோரே மன்னர், போட்டியே அவருக்குக் காவல் என்கிறார்கள் தாராளமயத்தின் துதிபாடிகள். அந்த மன்னருக்கு உண்மையில் எத்தனை வாசல்கள் திறந்திருக்கின்றன?

ஜியோ வேண்டாம் என்று தெருவில் வரும் கேபிளை நாடினால், அது ஹாத்வே அல்லது டென் நிறுவனத்தின் கேபிளாக இருக்கக்கூடும். 2018 அக்டோபரில் அவ்விரண்டின் பெரும்பான்மைப் பங்குகளையும் வாங்குவதாக அறிவித்து, தன்வசப்படுத்தியது ரிலையன்ஸ்தான். கம்பியில் வரும் காட்சியும் அதன் பிடியில்தான் இருக்கிறது. 2014இல் நெட்வொர்க் 18 குழுமம் அதன் கைக்குப் போனது. 2024 நவம்பரில் டிஸ்னியின் இந்திய ஊடகத் தொழிலும் அதனுடன் இணைந்தது. அதுவரை இரு நிறுவனங்களிடம் பிரிந்திருந்த ஐபிஎல் தொலைக்காட்சி உரிமையும் இணைய உரிமையும் ஒரே கூரையின்கீழ் வந்தன. இதற்குப் பெயர் போட்டியாம்!

இலவசம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அலைபேசியின் வரலாறே சான்று. 2016 செப்டம்பரில் இலவசச் சேவையுடன் ஜியோ நுழைந்தது. ஏர்செல் திவாலானது, வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின, டாடாவின் அலைபேசித் தொழில் ஏர்டெல்லுக்குள் கரைந்தது. களம் ஒழிந்த பின், 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் ஒரே வாரத்தில் கட்டணத்தை உயர்த்தின. தூண்டிலில் புழு இலவசமாகத்தான் கிடைக்கும்.

ஒழுங்குமுறை ஆணையம் என்ன செய்தது? விரும்பிய சேனலுக்கு மட்டும் காசு என்று 2019இல் பெருமையோடு அறிவித்தது டிராய். ஆனால் சேனல் எதையும் விலைகொடுத்து வாங்கும் முன்பே 130 ரூபாய் வரை அடிப்படைக் கட்டணம் வாங்கலாம் என்றது, வரி தனி. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையும் நீக்கி, சந்தையின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது.

‘பிஎஸ்என்எல் இருக்கிறதே என்றால், பழுது பார்க்க ஆள் வருவதில்லையே’ என்ற பேச்சு தோழர்களிடையேயும் கேட்கிறது. குறை பொய்யன்று. ஆள் ஏன் வருவதில்லை என்பதே கேட்க வேண்டிய கேள்வி. 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 78,000 ஊழியர்கள் ‘விருப்ப ஓய்வு’ என்ற பெயரில் வெளியேற்றப்பட்டனர். தனியார் நிறுவனங்கள் 2022 அக்டோபரிலேயே 5ஜி சேவையைத் தொடங்கிவிட்ட நாட்டில், பிஎஸ்என்எல்லின் 4ஜி நாடு தழுவிய அளவில் தொடங்கிவைக்கப்பட்டது 2025 செப்டம்பரில்தான். கைகளைக் கட்டி ஆற்றில் தள்ளியவர்களே, அவனுக்கு நீந்தத் தெரியவில்லை என்று ஏசுகிறார்கள்.

மாற்று வழி உண்டு என்று காட்டியது கேரளம். இணையத்தை மக்களின் அடிப்படை உரிமை என்று அறிவித்த இடது ஜனநாயக முன்னணி அரசு, 2023 ஜூன் 5 அன்று கே-ஃபோன் திட்டத்தைத் தொடங்கியது. மின்வாரியத்தின் கட்டமைப்பைப் பயன்படுத்திக் கண்ணாடியிழை வடம் இழுக்கப்பட்டது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது இலக்கு. இலக்கு பெரிது, கடக்க வேண்டிய தூரமும் பெரிது. ஆனால் அந்த வடம் பொதுச்சொத்து.

எனவே, எந்த நிறுவனம் என்ற வினாவுக்கு ஒரு குடும்பம் தன் வீட்டுக்குள் அமர்ந்து விடை கண்டுவிட முடியாது. பிஎஸ்என்எல் இணைப்புக் கிடைக்கும் இடத்தில் அதை வாங்குவது நன்று; அத்தோடு கடமை முடிந்துவிடாது. பழுது நீக்காத தொலைபேசி நிலையத்தின் முன் குடியிருப்போரைத் திரட்ட வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு விட்ட வேலைக்கு நிரந்தர ஊழியரை நியமிக்கச் சொல்லி, ஊழியர் சங்கங்களோடு கைகோக்க வேண்டும். ஒரே தனியார் நிறுவனத்துக்கு மட்டும் கதவு திறக்கும் அடுக்ககங்களில் பொதுத்துறைக்கும் இடம் கேட்க வேண்டும். குடிநீரைப்போல, மின்சாரத்தைப்போல இணையமும் பொதுச்சேவை என்ற முழக்கத்தைத் தெருதோறும் கொண்டுசெல்வோம்!