நிலத்தை விற்கும் முன் ஒரு வாரம் பொறுங்கள்!

"ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு. இடுப்புலேர்ந்து கால் வரைக்கும் இன்னும் தீயா எரியுது டாக்டர்!"

உத்திரமேரூர் பக்கம் குனிந்து நாற்று நட்டவர்கள், காஞ்சிபுரத் தறியில் நாள் முழுக்க உட்கார்ந்தவர்கள்... யார் வீட்டிலும் கேட்கக்கூடிய புலம்பல்தான் இது. நாம் என்ன சொல்கிறோம்? "வயசானா அப்படித்தாம்மா இருக்கும்!" தப்பு. மூன்று மாதம் தாண்டியும் நீடிக்கிற வலி, சிகிச்சை தேவைப்படுகிற நோய்.

இன்னொரு பக்கம், "முதுகுல பேட்டரி வெச்சா வலி போயிடுமாம். நிலத்தை வித்தாவது பண்ணிடலாம்பா" என்று கிளம்புகிற பிள்ளைகள். பாசம் சரி, அவசரம் வேண்டாம்!

அதென்ன பேட்டரி? தண்டுவடத்தை மூடிய உறைக்கு வெளியே மெல்லிய ஒயர் செருகி, லேசான மின் தூண்டல் கொடுப்பார்கள். வலி மூளைக்குப் போகும் பாதையில் 'கதவு' ஒன்று இருப்பதாக மெல்ஸாக், வால் என்ற விஞ்ஞானிகள் 1965-ல் சொன்னார்கள். அதைச் சாத்தப் பார்க்கும் வைத்தியம் இது. அமெரிக்க டாக்டர் நார்மன் ஷீலி 1967-ல் இதை முதன்முதலில் செய்தார்.

முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் காலில் நரம்பு வலி விடாதவர்கள், சர்க்கரை நோயால் பாதம் எரிந்து மருந்துக்கும் அடங்காதவர்கள்... இவர்களில் சிலருக்குப் பலன் கிடைக்கலாம். சாதாரண இடுப்பு வலிக்கு? நீடித்த பலன் அநேகமாக இல்லை என்கிறது, 2023-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு.

செலவோ பல லட்சம்! நல்ல வேளையாக, இதில் வெள்ளோட்டம் உண்டு. ஒயரை மட்டும் உள்ளே வைத்து, பேட்டரியை வெளியே மாட்டி, சுமார் ஒரு வாரம் பார்ப்பார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் தோலுக்கடியில் பேட்டரி வைக்கும் பேச்சு. அதன் பிறகும் ஒயர் நகரலாம், கிருமி தொற்றலாம், சில வருடங்களில் பேட்டரி மாற்ற மறுபடி ஆபரேஷன் தேவைப்படலாம்.

எனவே செங்கல்பட்டோ சென்னையோ, எங்கே போனாலும் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: "இது நரம்பு வலிதானா? வெள்ளோட்டம் பார்ப்பீங்களா? பேட்டரி எத்தனை வருஷம் வரும், மாத்த எவ்வளவு ஆகும்?"

அதற்கு முன், மாத்திரையும் உடற்பயிற்சியும் ஒழுங்காக நடந்தனவா என்று பாருங்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வர வழி செய்தார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்களேன்!

எல்லாவற்றுக்கும் மேலாக, "வலிக்குது" என்று அம்மா சொன்னால் நம்புங்கள். அதற்கு ஒரு பைசா செலவில்லை.