கத்தியின்றி அடைபடும் இருதய ஓட்டை
கரிசல் சீமைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி

கோவில்பட்டி வட்டாரம் கரிசல் பூமி. மழையை நம்பிய விவசாயம். மழை பொய்த்தால் தீப்பெட்டி வேலை. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். இத்தகைய வீடுகளில், பால் குடிக்கும்போதே குழந்தைக்கு மூச்சு வாங்கினாலும், நெற்றி வியர்த்தாலும், எடை ஏறாவிட்டாலும், "சவலைப் பிள்ளை" என்று விட்டுவிடுவது உண்டு.

அது இருதய ஓட்டையாகவும் இருக்கலாம்!

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் சுமார் 8 அல்லது 9 பேருக்கு இருதயத்தில் ஏதேனும் ஒரு குறை இருக்கிறது. அது கருவிலேயே ஏற்படுவது. சாபம் அல்ல.

குழாய் செய்யும் வேலை

முன்பு ஓட்டையை அடைக்க மார்பைத் திறந்து ஆபரேஷன் செய்வார்கள். இப்போது பல ஓட்டைகளுக்கு ஒரு மெல்லிய குழாய் போதும். அதற்குக் கதீட்டர் என்று பெயர்.

1929-ல் ஜெர்மனியில் போர்ஸ்மான் என்ற இளம் டாக்டர், தம் கையிலுள்ள இரத்தக் குழாய் வழியாக இப்படி ஒரு குழாயைத் தம் இருதயம் வரை செலுத்திக் காட்டினார். 1956-ல் வேறு இருவருடன் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1975-ல் அமெரிக்க டாக்டர்கள் கிங், மில்ஸ் இருவரும் இதே வழியில் இருதய ஓட்டையை அடைத்தனர்.

தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியாகக் கதீட்டர் உள்ளே போகிறது. இருதய அறைகளின் அழுத்தத்தை அளக்கவும் அது உதவும். அதனுள் மெல்லிய கம்பியால் பின்னிய சிறு மூடி மடங்கி இருக்கும். ஓட்டையை அடைந்ததும் குடைபோல விரியும். சுவரின் இரு பக்கமும் இரண்டு தட்டுகளாகப் பிடித்துக்கொள்ளும். சில மாதங்களில் அதன்மேல் சதை வளர்ந்து மூடிவிடும்.

இந்தக் கம்பி நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. மடக்கினாலும் பழைய உருவுக்குத் திரும்பும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம், பெங்களூர் விமான ஆராய்ச்சிக் கூடத்துடன் சேர்ந்து இத்தகைய மூடியை உருவாக்கியது. அதைத் தயாரிக்கும் உரிமை 2021-ல் ஒரு புனா கம்பெனிக்குத் தரப்பட்டது.

தாமதமே ஆபத்து

கருவி வந்துவிட்டது. குழந்தை வந்து சேர வேண்டுமே!

பெரிய ஓட்டையைப் பல ஆண்டுகள் விட்டுவிட்டால் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் கெட்டுவிடும். பிறகு ஓட்டையை அடைத்தாலும் பயன் இராது. சிறிய ஓட்டைகள் சில தாமாகவே மூடிக்கொள்ளும். சிலவற்றுக்கு ஆபரேஷன்தான் வழி. எது எப்படி என்று டாக்டரே சொல்ல முடியும்.

2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் டாக்டர்கள் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இருதய ஓட்டைச் சிகிச்சைக்கு இடம் உண்டு.

அடிக்கடி சளியும் காய்ச்சலும் வந்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் உடனே கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். ஒரு நாள் கூலி போகலாம். பிள்ளையின் உயிர் நிற்கும்.