கயிறு பிடிக்கும் கை

தம்பி!

தூத்துக்குடித் துறைமுகச் சாலையில், வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த தோழன் ஒருவன், என்னை நிறுத்தி வைத்துக் கேள்வியொன்று கேட்டான். கேள்வியிலே கோபம் இல்லை, குத்தல் இருந்தது.

"கூலி உயர்வு பற்றி எழுதுகிறீர்கள் அண்ணாச்சி, கொடி பிடிக்கிறோம். மொழி உரிமை பற்றி எழுதுகிறீர்கள், மார் நிமிர்த்துகிறோம். சதுரங்கம் பற்றியும் எழுதவேண்டுமா? குளிர்ந்த அறையிலே நாலு பேர் உட்கார்ந்து காய் நகர்த்துகிறார்கள். உப்பளத்துச் சூட்டிலே நிற்கிறவனுக்கு அதிலே என்ன இருக்கிறது?"

நியாயமான கேள்வி, தம்பி! இயக்கத்தவன் கேட்கவேண்டிய கேள்வி. அதற்கான விடையை நான் வெளியூரிலே தேடவில்லை. அவன் நின்ற மண்ணிலேயே, அந்தக் கடலின் அடியிலேயே கிடக்கிறது விடை.

கொற்கை முதல் தூத்துக்குடி வரை முத்துக்குப் பெயர்பெற்ற கரை அல்லவா அது! குளிப்பவன் எப்படி இறங்கினான் என்பதை உன் பாட்டனார் சொல்லக் கேட்டிருப்பாய். கயிற்றிலே கட்டிய கல்லிலே காலை ஊன்றி, மூச்சை அடக்கி, பாருக்கு இறங்குவான். சிப்பியை வாரிப் பையிலே போடுவான். மூச்சு முட்டும் நேரத்தில் கயிற்றை அசைப்பான். மேலே தோணியில் நிற்பவன், அந்த அசைவை உணர்ந்த மறுகணமே இழுக்கவேண்டும். பேச்சுக்கு இடமில்லை, பிறகு பார்ப்போம் என்பதற்கு நேரமில்லை. அதனால்தான் மைத்துனன் கையிலேதான் கயிற்றைக் கொடுப்பார்கள் என்று கரையோரம் இன்றும் சொல்கிறார்கள். தமக்கை தாலி, தம்பி கையிலே!

முத்தெடுத்தான் என்ற பெயர் மூழ்கியவனுக்கு. மூச்சைக் காத்தது மேலே நின்றவன் கை. அணி என்பதற்கு, தம்பி, இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்திலே நடந்த 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடை எண்ணிப்பார். ரஷ்யாவில் நடக்கவிருந்த போட்டி. உக்ரைன் மீது போர் மூண்டதால் அங்கே நடத்த இயலாது போயிற்று. சில திங்களுக்குள் ஏற்பாடு செய்து, 180க்கு மேற்பட்ட நாடுகளைத் தமிழகம் தன் கடற்கரைக்கு அழைத்தது. வேட்டி கட்டிய குதிரையைச் சின்னமாக நிறுத்தி, அதற்குத் 'தம்பி' என்று பெயரும் சூட்டியது.

அந்தப் போட்டியிலே மேசைக்கு ஒருவராக நால்வர் ஆடுவர். ஒருவர் மாற்றாளாகக் காத்திருப்பார். நால்வரின் புள்ளிகளைக் கூட்டித்தான் ஓர் அணி வென்றதா, தோற்றதா என்பது முடிவாகும். அணி வென்றால் இரண்டு புள்ளி, சமன் செய்தால் ஒன்று. ஆகவே ஒருவன் தோற்றாலும் அணி வெல்லலாம்; ஒருவன் வென்றாலும் அணி வீழலாம்.

இந்தியாவின் இரண்டாம் அணியிலே முதல் மேசையில் அமர்ந்தான் 16 வயது குகேஷ். முதல் எட்டு ஆட்டங்களிலும் வெற்றி! பத்தாம் சுற்றிலே உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவ் எதிரே, நல்ல நிலையில் இருந்த ஆட்டத்தைக் கடிகாரம் விரட்ட, கை தவறி இழந்தான். அன்று பிரக்ஞானந்தா வென்றதனால் அணி சமன் கண்டது. மறுநாள் ஜெர்மனியை வென்று வெண்கலம் பெற்றது. கயிற்றைப் பிடித்த கை எது என்று விளங்குகிறதா, தம்பி?

அதே நாள், பெண்கள் அணியின் கதை வேறு. கடைசிச் சுற்று வரை முன்னணியில் நின்றவர்கள், கடைசிச் சுற்றிலே அமெரிக்காவிடம் தோற்றார்கள். தங்கம் கைக்கு எட்டி நழுவிற்று, வெண்கலமே மிஞ்சிற்று. நிறைமாதக் கர்ப்பிணியாக அந்த அணியில் ஆடிய ஹரிகாவின் முகத்தை அன்று பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

ஓய்ந்தார்களா? இரண்டே ஆண்டு! 2024 செப்டம்பரில் புடாபெஸ்டு நகரத்திலே 45ஆவது ஒலிம்பியாடு. ஹரிகா, வைஷாலி, தானியா ஆகிய மூவரும் மீண்டும் வந்தார்கள். திவ்யாவும் வந்திகாவும் உடன் சேர்ந்தார்கள். எட்டாம் சுற்றிலே போலந்திடம் தோல்வி. ஒன்பதாம் சுற்றிலே அமெரிக்காவுடன் சமன். "பழைய கதைதான்" என்று பலர் உதட்டைப் பிதுக்கிய நேரம், சீனத்தை வென்றார்கள், அஜர்பைஜானை வென்றார்கள், தங்கத்தை எடுத்தார்கள்!

ஆண்கள் ஆடிய பொதுப் பிரிவிலும் தங்கம். குகேஷ், பிரக்ஞானந்தா, அர்ஜுன், விதித், ஹரிகிருஷ்ணா ஆகிய ஐவர் சேர்ந்து 22 புள்ளிகளில் 21 பெற்றார்கள். பத்தாம் சுற்றிலே அமெரிக்காவுக்கு எதிராகப் பிரக்ஞானந்தா தோற்றான். குகேஷும் அர்ஜுனும் வென்று அணியைக் கரை சேர்த்தார்கள். மாமல்லபுரத்தில் பட்ட கடனைத் திருப்பியதுபோல! அவ்வாண்டு டிசம்பரிலே குகேஷ் உலக வாகையன் ஆனான். அக்காள் வைஷாலியும் தம்பி பிரக்ஞானந்தாவும் ஒரே நாளில் ஒலிம்பியாடு தங்கம் அணிந்தார்கள். தந்தையார் ஓர் வங்கி ஊழியர், அரண்மனைவாசி அல்லர்.

மகிழ்கிறோம். மகிழ்ந்து கைதட்டி, மறுநாள் மறந்துவிடுவதற்காகவா இதை எழுதுகிறேன்? இல்லை, தம்பி!

1961ஆம் ஆண்டை நினைவில் கொள். தூத்துக்குடிப் பார்களிலே முத்துக் குளிப்பு அந்த ஆண்டோடு நின்றுபோயிற்று. சிப்பி வற்றிற்று, தோணிகள் வேறு தொழில் தேடின. அதே 1961இல்தான், தமிழகத்து மானுவேல் ஆரோன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். முந்தைய ஆண்டு லைப்சிக் ஒலிம்பியாடிலே, உலக வாகையராக இருந்த மாக்ஸ் யூவேயை அவர் வென்றிருந்தார். ஒரு முத்து மறைந்த ஆண்டிலே இன்னொரு முத்து!

அதோடு முடியவில்லை. 1972இல் சென்னை சோவியத் பண்பாட்டு நிலையத்திலே தால் சதுரங்கக் கழகம் தொடங்கிற்று. ஆரோன் அங்கே கற்றுக்கொடுத்தார். சிறுவன் விசுவநாதன் ஆனந்த் அங்கே ஆடிப் பழகி, 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். 1973இல் தூத்துக்குடியிலே கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார், சிப்பியினுள் கருவைப் பதித்து, கூண்டிலே பேணி, உருண்டை முத்தை விளைவித்துக் காட்டினார்கள். அதுவரை முத்து என்றால் அதிர்ஷ்டம்; அன்று முதல் முத்து என்றால் வளர்ப்பு!

இதுதான் நமது கொள்கையும், தம்பி. அறிவு பிறப்பினால் வருவது, சில வீட்டு முற்றத்திலே மட்டும் விளைவது என்றார்கள், மறுத்தோம். பள்ளி திறந்தால் எந்தப் பிள்ளையும் படிப்பான் என்றோம், படித்தான். சதுரங்கத்திற்கும் அதே நியதிதான். சிப்பி எங்கும் இருக்கிறது. கருவைப் பதிக்கும் கைதான் எங்கும் இல்லை. பயிற்சியாளர் சம்பளம், வெளிநாட்டுப் பயணம், துணைக்குச் செல்ல ஒருவர் என ஒரு பிள்ளையை மேலே கொண்டுவரக் குடும்பமே கயிற்றைப் பிடிக்கவேண்டியிருக்கிறது. குகேஷின் தந்தையார், மருத்துவத் தொழிலை ஒதுக்கிவைத்து மகனோடு அலைந்தார். உப்பளத் தொழிலாளி எதை ஒதுக்கி வைப்பார்? ஒருநாள் கூலியையா? விசைப்படகுக்குப் போகிறவர் எதை விற்பார்? வலையையா?

அரசு செய்யவேண்டியதை அரசிடம் கேட்போம்: கடலோரப் பள்ளிகளுக்குப் பயிற்றுநர் வேண்டும், மாவட்டப் போட்டிக்குச் செல்லும் பிள்ளைக்குப் பயணப்படி வேண்டும். தயங்காமல் கேட்போம், நம்மவர் ஆட்சியானாலும் கேட்போம்.

ஆனால் நாம் செய்யவேண்டியது ஒன்றுண்டு. அதைச் சொல்லும்போது உன் முகம் சுளிக்கக்கூடும். நம் முன்னோர் ஊர்தோறும் படிப்பகம் அமைத்தார்கள். இன்று எத்தனை படிப்பகங்களின் கதவு திறந்திருக்கிறது? தலைவர் படத்துக்கு மாலை இருக்கிறது. மேசை மீது நாளிதழ் இருக்கிறதா? தேர்தல் வந்தால் திறந்து, முடிந்தால் பூட்டும் கிடங்காக அதை ஆக்கிவிட்டது எதிரியா, நாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பள்ளிக்கூடத்து விடுமுறையும் பெரும்பகுதி அப்போதுதான். திரேஸ்புரத்திலும், உப்பளத் தெருக்களிலும், படிப்பகத்தைத் திற. இரண்டு பலகை வாங்கி வை. ஒருநாள் தேநீர்ச் செலவைச் சேர்த்தால் போதும். ஆடத் தெரிந்த ஓர் இளைஞனை மாலையில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல். பையன்களை மட்டுமல்ல, பெண்பிள்ளைகளையும் அழை.

அவர்களில் ஒருவரும் ஒலிம்பியாடுக்குப் போகாமல் இருக்கலாம். போகட்டும்! காயைத் தொடுமுன் எண்ணிப்பார்க்கவும், தோற்றபின் எதிராளியின் கையைக் குலுக்கவும், மறுநாள் வந்து மீண்டும் ஆடவும் கற்ற ஒரு தலைமுறை நமக்குக் கிடைக்கும். அரசியலுக்கும் அது தேவை, தம்பி. நமக்கு மிகவும் தேவை.

துறைமுகச் சாலையிலே கேட்ட தோழனிடம் இதைச் சொன்னேன். சற்றுநேரம் பேசாமல் நின்றவன், "பலகை என்ன விலை வரும், அண்ணாச்சி?" என்றான்.

கயிற்றிலே அசைவு தெரிகிறது, தம்பி. இழு!